வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அறை: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த வாரம், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு படம் வரைய உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் கண் எரிய ஆரம்பித்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிப்பதற்குள் தெரிந்தவர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர், வீடியோ எடிட்டர், புடவை டிசைன் போடுபவர், ஆய்வேடு எழுதும் மாணவி என்று இதுவரை முப்பது அறைகளாவது பார்த்திருப்பேன். பெரும்பாலும் சென்னை வாடகை ஃபிளாட்டுகள். ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டிய அறைகள்.

எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த நாற்காலி வாங்கட்டும்?" என்றுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். நான் பார்த்த அறைகளில் பாதிக்கு மேல் மேஜையை நகர்த்தியதிலேயே குணமாகிவிட்டன. கீழே உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு ஆகாத காரணம் முதலில், செலவு வைப்பது பின்னால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று நாள் பாருங்கள். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். தேவையான சாமான்: அளவு டேப், போன், ஒரு வெள்ளைத் தாள், ஊதுபத்தி.

மதியம் மூன்று மணிக்கு மேல் தலை கனக்கிறது, கொட்டாவி வருகிறது

சாப்பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தூக்கம் சொக்கும்போது அறையை விட்டு வெளியே போய், பால்கனியிலோ மாடிப்படியிலோ ஐந்து நிமிடம் நில்லுங்கள். திரும்பி உள்ளே வரும்போது முகத்தில் அடைத்த வாடை அடிக்கிறதா, அனல் அடிக்கிறதா?

வாடை அடித்தால், காற்று ஓடவில்லை.

ஊதுபத்தியை ஏற்றி அறை நடுவில் வையுங்கள். ஃபேன் வேண்டாம். புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போனால் காற்றோட்டம் இருக்கிறது. நேராக எழுந்து தலைக்கு மேலேயே தங்கினால் இல்லை. ஜன்னல் திறந்திருந்தும் புகை தங்கினால், எதிர்ப்பக்கம் வழி இல்லை என்று அர்த்தம். கதவைத் திறந்து, எதிரில் உள்ள இன்னொரு அறையின் ஜன்னலையும் திறந்து மறுபடி பாருங்கள்.

ஏ.சி. போட்டு மூடிய அறை என்றால் சோதனையே தேவையில்லை. ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பி விடுகிறது. வெளியே கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். பத்துக்குப் பத்து அறையைச் சாத்திக்கொண்டு ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே அது 1000ஐத் தாண்டிவிடும். இரண்டு பேர் என்றால் இன்னும் சீக்கிரம். மணிக்கு ஒரு முறை கதவையும் ஜன்னலையும் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். அறையோடு ஒட்டிய குளியலறை இருந்தால் அதன் கதவை ஒருக்களித்து வைத்து எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். அறைக் கதவின் அடி இடுக்கு வழியாகப் புதுக்காற்று தானே வரும். கரியமில வாயுவை அளக்கும் கருவி வாங்க ஆசைப்பட்டால் என்.டி.ஐ.ஆர். சென்சார் (அகச்சிவப்பு ஒளியை வைத்து அந்த வாயுவையே நேராக அளப்பது) உள்ளதாக மட்டும் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் அது இல்லை. அவை சென்ட் வாசனைக்கும் கரியமில வாயு ஏறிவிட்டதாகக் காட்டும்.

அனல் அடித்தால், எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

மாலை நான்கு மணிக்குச் சுவர்களை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மேற்குச் சுவர் கொதித்தால் மேஜையை அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அங்கே புத்தக அலமாரியைச் சற்று இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஜன்னல் வழியாக வெயில் இறங்கினால் உள்ளே தொங்கும் திரை போதாது, கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள் வந்தாகிவிட்டது. மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். செலவு சில நூறு ரூபாய். பல வீடுகளில் ஏ.சி. போடும் நேரத்தையே பின்னுக்குத் தள்ளியது இதுதான்.

சுவர் பரவாயில்லை, ஆனால் ஸ்டாண்டு ஃபேன் காற்றைவிட சீலிங் ஃபேன் காற்று சூடாக இருக்கிறது என்றால் சூடு மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது. மேல்தள வீடுகளில் இரவு பத்து மணிக்குக்கூட அப்படித்தான் இருக்கும். மாடித்தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் திருப்பும் பெயின்டோ அடிக்க வேண்டும். இது வீட்டுக்காரர் சம்மதத்தோடு பெயின்டர் செய்கிற வேலை. தளத்தில் விரிசலும் இருந்தால் கொத்தனாரைப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் அடியுங்கள்.

மூன்று நாள் காற்றோட்டமாக, குளிர்ச்சியாக உட்கார்ந்தும் சோர்வு போகவில்லையா? அறையில் தேட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கண் எரிகிறது, சாயங்காலம் நெற்றி வலிக்கிறது

லேப்டாப்பை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கறுப்பாக இருக்கும் ஸ்கிரீனைப் பாருங்கள். அதில் ஜன்னல் தெரிகிறதா, டியூப்லைட் தெரிகிறதா? நாள் முழுக்க உங்கள் கண் அதையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜன்னல் தெரிந்தால் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்காக மேஜையை ஜன்னலைப் பார்த்துப் போட்டுவிடாதீர்கள். பளீரென்ற வானத்துக்கும் ஸ்கிரீனுக்கும் இடையில் கண் அல்லாடும். ஜன்னல் பக்கவாட்டில் வர வேண்டும். கையால் எழுதுபவர், வரைபவர் வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் ஜன்னல். இல்லாவிட்டால் உங்கள் கையின் நிழலே தாளில் விழும்.

டியூப்லைட் தெரிந்தால் மேஜையை அரை அடியோ ஒரு அடியோ தள்ளுங்கள். பிரதிபலிப்பு விலகிவிடும்.

இரண்டும் தெரியவில்லை என்றால் ஸ்கிரீன் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளைவிட ஸ்கிரீன் விளக்கு மாதிரி ஒளிர்ந்தால் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறையுங்கள். சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் கூட்டுங்கள். பகலில் ஒரு முறை, விளக்கு போட்டபின் ஒரு முறை இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது விளக்கு. போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்து பல்பைப் படம் பிடியுங்கள். வெளிச்சம் துடிதுடித்தால் அந்த பல்பு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்கு நேராகத் தெரியாது, தலைவலியாகத் தெரியும். மாற்றிவிடுங்கள். நம் வீடுகளில் பொதுவாக மாட்டுவது 6500 கெல்வின் வெள்ளை பல்பு. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்; எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். வேலைக்கு 4000, இரவு எட்டு மணிக்கு மேல் 2700 என்றால் கண்ணும் தூக்கமும் பிழைக்கும். தலைக்கு மேலே ஒரே டியூப்லைட்டை நம்பாமல், எழுதாத கையின் பக்கம் ஒரு மேஜை விளக்கு வையுங்கள். எழுதும் இடத்தில் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வரை வந்தால் போதும். போன் ஆப் காட்டும் அளவு துல்லியமில்லை என்றாலும் இருட்டா இல்லையா என்று சொல்லிவிடும்.

நிறத்தோடு வேலை செய்பவர்களுக்குத் தனிக் குறிப்பு. அந்தப் புடவை டிசைனர் இரவில் தேர்ந்தெடுத்த அரக்கு, காலையில் வேறு அரக்காக இருந்தது. குற்றம் கண்ணில் இல்லை, பல்பில். அட்டைப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். அந்த பல்பு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதன் அளவு அது. சாதாரண பல்பில் 80 இருக்கும். உங்களுக்கு 90க்கு மேல் வேண்டும்.

வடக்கு ஜன்னல் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஓவியம் வரைய வடக்கு ஜன்னல்தான் நல்லது, அதில் வெயிலே வராது என்று பலரும் சொல்வார்கள். அது வடக்கே வெகுதூரத்தில் உள்ள நாடுகளுக்குச் சரி. சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் 18 வாக்கில்தான் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் நேராக உள்ளே வரும். டிசம்பரில் அதே ஜன்னல் அமைதியாக இருக்கும். தெற்கு ஜன்னலில் வெயில் அறையின் நடுவரை நீளும். ஆகவே வாடகைக்கு வந்த மாதத்திலேயே மேஜையை நிரந்தரமாகப் பொருத்தாதீர்கள். ஒரு ஜூனையும் ஒரு டிசம்பரையும் பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

எரிச்சலோடு மணல் விழுந்ததுபோல உறுத்தலும் இருந்தால் கண் காய்ந்திருக்கிறது. ஃபேனுக்கு நேர் கீழேயோ ஏ.சி. காற்று முகத்தில் படும்படியோ உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்கிரீனைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. ஸ்கிரீனை இரண்டு விரற்கடை இறக்கினால் இமை பாதி தாழ்ந்து கண் காய்வது குறையும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 நொடி பாருங்கள்.

கண் மருத்துவர்: நாற்பது வயதைத் தாண்டி, கண்ணாடி மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இத்தனை சோதனைக்கும் முன்னாலேயே போய்விடுங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்வையில் திரை இறங்கியது போல இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

கழுத்து, தோள், இடுப்பு வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தோள்பட்டை மேல்புறம் இறுகியிருந்தால் மேஜை உயரம். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்குங்கள். முழங்கையிலிருந்து தரைவரை அளந்து பாருங்கள். 5 அடி 1 அங்குலம் உள்ள என் தங்கைக்கு 63 செ.மீ. வந்தது. கடையில் வரும் மேஜை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம். மீதி 12 செ.மீ.க்கும் அவள் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். நம் பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த மேஜைகள் உயரம் அதிகம், அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. நாற்காலியை ஏற்றிக்கொண்டு, தொங்கும் காலுக்குக் கீழே மணைப்பலகை போடுங்கள். மேஜை உங்களுடையது, மரக்கால் என்றால் ஆசாரியை வைத்துக் காலைக் குறைத்துவிடலாம். புது மேஜை விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பிடரி வலித்தால் ஸ்கிரீன் தாழ்வு. லேப்டாப்பைப் புத்தக அடுக்கின் மேல் ஏற்றி, மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி வையுங்கள். தனி கீபோர்டும் மவுஸும் வாங்கியே ஆக வேண்டும். இந்தப் பட்டியலில் தயங்காமல் வாங்கச் சொல்லும் ஒரே பொருள் அதுதான்.

ஏற்றிய பிறகு வலி அதிகமானதா? நீங்கள் ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போடுபவராக இருப்பீர்கள். கிட்டப் பார்ப்பதற்கான பகுதி அதன் அடியில் இருப்பதால், படிக்க முகவாயைத் தூக்குகிறீர்கள். உங்களுக்கு ஸ்கிரீன் இறங்க வேண்டும். கண்ணாடிக் கடையில் உங்கள் ஸ்கிரீன் தூரத்தைச் சொல்லி அதற்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் பிசியோதெரபி போன ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் கடைசியில் காரணம் இதுவாகத்தான் இருந்தது.

இடுப்பு வலித்தால், மடித்த துண்டை இடுப்பு வளைவில் வைத்து ஒரு வாரம் பாருங்கள். துண்டு வைத்ததும் நன்றாக இருந்தால் நாற்காலியின் முதுகு தப்பு, மாற்றுவதில் நியாயம் உண்டு. வித்தியாசமே இல்லை என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்த நாற்காலியும் உதவாது. முக்கால் மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது உதவும். தரையில் சம்மணம் போட்டு, சாய்வுப் பலகை வைத்த தாழ்வான மேஜையில் எழுதிப் பழகியவர்கள் கையெழுத்துக்கும் கோட்டோவியத்துக்கும் அதையே தொடரலாம். லேப்டாப்பை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.

விரல் மரத்தால் எந்த விரல் என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் என்றால் மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிறீர்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கியபடி தட்டுகிறீர்கள்.

மருத்துவர்: மரத்துப்போய் இரவில் விழிப்பு வந்தாலோ, கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ, வலி இரண்டு வாரம் தாண்டினாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பு வலி காலில் இறங்கி, சிறுநீர் கட்டுப்பாடும் போனால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்கிறது

சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் லேப்டாப்பில் குறை இல்லை. சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முனை பிளக்கை, எர்த் இல்லாத மல்டிபிளக்கிலோ இரண்டு முனை அடாப்டரிலோ செருகியிருந்தால் நேராகச் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அங்கேயும் சுருக்கென்றால் வேறு அறையில் செருகிப் பாருங்கள். ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் வருகிறது என்றால் அதில் எர்த் வயர் விட்டிருக்கிறது. எல்லாச் சாக்கெட்டிலும் வருகிறது என்றால் வீட்டு எர்த்தே சரியில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்து இப்படி ஆவது சகஜம். குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லி இரண்டு நாள் பாருங்கள்.

பிளக்கே இரண்டு முனை என்றால் மெல்லிய கூச்சம் அந்த வகை சார்ஜரில் வரக்கூடியதுதான். பளிச்சென்று அடித்தால் சார்ஜரை மாற்றுங்கள்.

இதற்கு மேல் நீங்களாக எதையும் திறக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மீட்டர் வைத்து எர்த் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் டெஸ்டர் விளக்கு போதாது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் வீட்டில் இல்லை என்றால் அதே வருகையில் போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும்கூட ஷாக் அடிக்கின்றன என்றால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சத்தம்

கைதட்டிப் பாருங்கள். தட்டிய பின்னும் கணீரென்று இழுத்தால் எதிரொலி. டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் மீட்டிங் பேசினால் எதிராளிக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். தடிமனான பவானி ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, மடிப்பு விழத் தொங்கவிடுங்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசினாலே பாதி குறையும். கோரைப்பாய் மெல்லியது, அதிகம் உதவாது.

தெருச் சத்தம் என்றால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. முட்டை அட்டையும் ஃபோமும் ஹாரனைத் தடுக்காது. ஜன்னல் சட்டத்து இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடையுங்கள். சத்தம் நுழைவது அங்கேதான். ஆனால் காற்றுக்கு வேறு வழி வைத்துவிட்டு அடையுங்கள்.

ஃபேன் முனகினால் ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள். முனகல் போய்விட்டால் ரெகுலேட்டர்தான் குறை. முழு வேகத்திலும் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் போயிருக்கும்; பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், விலை சுமார் நூறு ரூபாய்க்குள். கடகடத்தால் பேரிங். ஏணி, கொக்கி விஷயம் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் காத்து, காகிதம் சுருள்கிறது

ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் வியர்த்தால் அறையின் ஈரம். ஜன்னலைத் திறந்து, துணி உலர்த்துவதை அறைக்கு வெளியே மாற்றினால் போதும். சுவர்ப் பக்கம் வியர்த்தால் தண்ணீர் கசிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் பிளம்பர், வெளிச்சுவர் என்றால் கொத்தனார். அதற்கு முன் பெயின்ட் அடித்தால் காசு வீண். புத்தகங்களை மட்டும் முதல் நாளே சுவரை விட்டுத் தள்ளிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வேலை ஓடவில்லை

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். சொல்லக் கூச்சப்பட்டு, நாற்காலியைப் பற்றிக் கேட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

உட்கார்ந்து தொடங்கவே அரை மணி ஆகிறது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்காக மேஜையைக் காலி செய்கிறீர்களா? விட்ட இடத்தில் வேலை காத்திருக்க வேண்டும். நான் செய்தது: இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை. தாள், பென்சில், திறந்த புத்தகம் எல்லாம் அதன் மேல். சாப்பாட்டு நேரத்தில் பலகையை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். எடுத்தால் விட்ட கோட்டிலிருந்தே தொடரலாம். தனி அறை இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கவனம் கலைகிறது. வாசல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் மேஜையைத் திருப்புங்கள். யார் வருகிறார்கள் என்று கழுத்து கேட்டுக்கொண்டே இருக்கும். போன் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள்.

ஆட்கள் கலைத்தால் மேஜை நாற்காலியால் தீராது. "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு வாக்கியத்தால் காஸ் சிலிண்டரும் கூரியரும் பால் பொங்குவதும் உங்கள் பொறுப்பாகிவிடுகின்றன. இது பெண்களுக்கு எத்தனை மடங்கு நடக்கிறது என்று அறை அறையாகப் பார்த்திருக்கிறேன். மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, தினமும் இரண்டு மணி நேரம், எந்த மணி முதல் எந்த மணி வரை, அந்த நேரத்தில் காலிங்பெல்லுக்கு யார் போவது என்று பேர் சொல்லிப் பேசி முடியுங்கள். கதவில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் அந்த நேரம் என்று அர்த்தம். மாணவியின் வீட்டில் மூன்றாம் வாரத்திலிருந்து அவளுடைய பாட்டியே காவலுக்கு நின்றார்.

சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். தலை நிமிர்ந்தால் கண் போய்த் தங்க ஓர் இடம் வேண்டும். ஜன்னல் இல்லை என்றால் திறந்த கதவு வழியாகக் கூடத்தின் மறுகோடி தெரியும்படி உட்காருங்கள். செடி வையுங்கள், நாலு தொட்டி காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வேண்டாம். துளிர் விடுவதைப் பார்ப்பதற்காக வையுங்கள்.

வேலை முடிந்தும் தலைக்குள் முடியவில்லை. படுக்கையறையிலேயே மேஜை என்றால் இரவு ஒரு பழைய புடவையால் அதை முழுக்க மூடுங்கள். கட்டிலிலிருந்து லேப்டாப் விளக்கு தெரியக் கூடாது.

இத்தனையும் செய்த பிறகும், முன்பு ஆசையாகச் செய்த வேலை இரண்டு வாரத்துக்கு மேல் கசந்தே இருந்தால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், மருத்துவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அறைக்குப் புதிதாக எதையும் அதுவரை வாங்காதீர்கள்.